பெரிய பரீட்சைக்குச் செவ்வரளி

1

இந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெரு அங்காளம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். புதுச்சேரியில் பாகூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த நாள் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் குவைத்தில் மூன்று கட்டில் போட்ட ஓர் அறையில் உட்கார்ந்து அதைச் செல்போனில் பார்த்தேன்.

நான் விமானம் ஏறியதும் ஓர் ஆடியில்தான், கூழ் ஊற்றிய மறுநாள். அன்றைக்கு என் மகள் நிவேதா என் மனைவி விஜயாவின் இடுப்பில் இருந்தாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் இங்கே வந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யாராவது கேட்டால் காலண்டர் ஞாபகத்துக்கு வருவதில்லை, அவள் உயரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நான் இருக்கும் பக்கத்தில் நம் கோயில் கிடையாது. இரும்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் அம்மன் படம் ஒட்டியிருக்கிறேன். காலையில் கதவைத் திறந்தால் நடை திறந்த மாதிரி, மூடினால் சாத்தின மாதிரி. ஊதுபத்தி ஏற்றினால் கூரையில் இருக்கும் புகைமணி அலறும் என்பதால் ஏற்றுவதில்லை. பக்கத்துக் கட்டில் அன்வர் பாய் காரைக்கால்காரர். நான் கும்பிடும்போது அவர் டிவி சத்தத்தைக் குறைப்பார், அவர் தொழும்போது நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் நிற்பேன். மூன்றாவது கட்டில்காரர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அதில் பாய் துணி மடித்து வைக்கிறார்.

இந்த ஆடியில் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

நான் படித்தது பிளஸ் டூ, அப்புறம் ஐடிஐயில் ஃபிட்டர். வண்டி உதிரி பாகங்கள் விற்கும் ஒரு கம்பெனியின் குடோனுக்குப் பெட்டி தூக்கத்தான் வந்தேன். தூக்கிய பெட்டிகளை எண்ணிச் சொல்வேன், இன்னொருவர் கம்ப்யூட்டரில் அடிப்பார். அவர் வராத ஒரு நாள் என்னை உட்கார வைத்தார்கள். பிறகு எழுப்பவில்லை. எக்செல் பழகினேன். கூட வேலை செய்த கேரளத்துப் பையன்கள் சொல்லிக் கொடுத்து, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கவும் பழகினேன். இப்போது எல்லாக் கிளைகளின் சரக்கு விவரமும் கிளவுடில் இருக்கிறது. அதைக் காலையில் சரிபார்த்து, எந்தக் கிளையின் விவரம் வராமல் நின்றுபோயிருக்கிறது என்று பார்த்துத் தள்ளிவிடுவது என் வேலை.

கிளவுட் என்றதும் விஜயா கொஞ்ச நாள் மேலே ஏதோ பறக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அதில் இடத்தை வாடகைக்குப் பிடித்து நம் சரக்கு விவரத்தை வைக்கிறோம்.

இங்கே என்னை எல்லோரும் கோவிந்தன் என்று கூப்பிடுகிறார்கள். என் பெயர் முருகையன். பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதியதில் அப்பா பெயர் முன்னால் போய் நின்றுவிட்டது. முதலில் திருத்திச் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் நேரமில்லை. செத்துப்போன அப்பாவை நாள் முழுக்க யாரோ கூப்பிடுகிறார்கள், நான் போய் நிற்கிறேன்.

ஆனி மாதக் கடைசியில் ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வந்தது. டேட்டா பிரிவில் இருப்பவர்கள் இனிமேல் கிளவுட் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு பரீட்சைக்குக் கம்பெனியே பணம் கட்டும், அடிப்படை நிலையா மேல்நிலையா என்று அவரவரே தேர்ந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தது. தோற்றால் மறுபடி கட்ட மாட்டார்கள். சான்றிதழ் இல்லாதவர் வேறு பிரிவுக்குப் போக வேண்டும். எனக்கு வேறு பிரிவு என்றால் குடோன்தான். என் இடுப்பு இனிமேல் பெட்டி தூக்காது.

இரண்டு பரீட்சைக்கும் என்ன வித்தியாசம் என்று ஊரில் கேட்டவர்களுக்கு நான் இப்படித்தான் சொன்னேன். பாகூர் ஏரியில் மதகு எது, மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கல் எது, எந்த வாய்க்கால் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டால் அது சின்னப் பரீட்சை. ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது, கடைமடைக்காரன் கத்துகிறான், தலைமடைக்காரன் மதகைத் தூக்க ஆள் நிறுத்தியிருக்கிறான், கரை உடையக் கூடாது, செலவும் ஆகக் கூடாது, இப்போது என்ன செய்வாய் என்று கேட்டால் அது பெரிய பரீட்சை. எல்லா விவரத்தையும் கொட்டி வைக்கும் இடத்துக்கு இந்தத் தொழிலிலும் ஏரி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அதை முதலில் படித்த அன்று எனக்கு யாரோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

3

சின்னதை எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஏதாவது ஒரு படியில் கால் வைத்துத்தானே ஏற வேண்டும் என்றார்கள். ஆனால் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எகிப்துக்காரர், நல்ல மனுஷர். என் அடையாள அட்டையில் பதவி இன்னும் ஹெல்பர் என்றுதான் இருக்கிறது. அந்தப் பதவிக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மனுப் போட முடியாது. "பெரிய சான்றிதழைக் கொண்டு வா. இன்ஜினியர் என்று பதவியை மாற்றச் சொல்லி நானே எழுதித் தருகிறேன். உன் மனைவி, பிள்ளை இங்கே வரலாம்" என்று சொன்னார்.

அன்றைக்கு நான் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் இங்கே சூப்பர் மார்க்கெட்டில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். நான் ஒரு பாக்கெட் தயிர் வாங்கப் போவேன். வாங்கிய பிறகும் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பேன். "அத எடுக்காத, இத எடு" என்று ஒரு பெண் தமிழில் தன் புருஷனை அதட்டினால் அந்தப் பக்கமாக இன்னொரு தரம் நடப்பேன். இது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

குடும்ப விசாவுக்காக முன்பே ஒரு தடவை பதவியை மாற்ற முயற்சி செய்திருக்கிறோம். என் பிளஸ் டூ மார்க் ஷீட்டுக்குப் புதுச்சேரியில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒரு முத்திரை, தூதரகத்தில் ஒரு முத்திரை. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப் பெயர், இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். விஜயாதான் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அவளுக்கும் வர ஆசை என்று நான் நினைத்ததற்கு அதுதான் காரணம்.

நிவேதாவிடம் பேசுவது எனக்குப் பரீட்சையைவிடக் கஷ்டம். "சாப்ட்டியாம்மா?" என்றால் "ம்." "படிக்கிறியா?" என்றால் "ம்." அடுத்தது, "அம்மா கிட்ட குடுக்கட்டா?" நானும் சரியில்லை. பேச்சு நடுவில் 'கலாஸ்', 'யல்லா' என்று அரபி வார்த்தை வந்து விழும். "அப்பா, தமிழ்ல பேசு" என்பாள், ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு.

பரீட்சை என்று சொன்ன அன்றைக்குத்தான் நிறையப் பேசினாள்.

"அடிப்படையா? அப்பா, அது எங்க கிளாஸ்லயே ரெண்டு பசங்க லீவுல எழுதிட்டாங்க. நீ போயி அதையா எழுதப் போற?"

"அப்ப பெரிசு எழுதட்டுமா?"

"எழுதுப்பா. பெயிலாயிட்டன்னா மட்டும் அழக் கூடாது."

சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஃபோனை வைத்த பிறகு, இவளை ஏன் பக்கத்தில் உட்கார வைத்து இப்படிப் பேசவிடக் கூடாது என்று தோன்றியது. அப்போதே மனதுக்குள் பெரிய பரீட்சையின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

4

மாதிரிப் பரீட்சைகள் கம்ப்யூட்டரில் கிடைக்கின்றன. சின்னதை எடுத்தால் ஒவ்வொரு தடவையும் தேறிவிடுகிறேன். பெரியதை எடுத்தால் வாசற்படி வரை போய் நின்றுவிடுகிறேன். ஒரு கேள்வியே அரைப் பக்கத்துக்கு ஆங்கிலம். நான் மெதுவாகப் படித்து, மனதுக்குள் தமிழாக்கி, திரும்பிப் பார்ப்பதற்குள் நேரம் ஓடிவிடும். இன்னொரு தொல்லை, கொடுத்திருக்கும் நான்கு விடையும் சரியாகத்தான் இருக்கும். எது மற்றதைவிடச் சரி என்று கேட்பார்கள்.

விஜயாவிடம் சொன்னேன்.

"ஏங்க, எது சொலபமோ அத்த எழுதிட்டுப் போங்களேன்."

"அத்த வச்சி உங்களக் கூட்டியாற முடியாது, விஜயா."

ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கன். அடுப்புல பால் பொங்குது, இருங்க."

பால் பொங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம் கழித்துத்தான் திரும்ப வந்தாள். நான் அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. "நாளு நெருங்குது. எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியல. நீ அம்மன் கிட்ட பூ வச்சிப் பாத்துடு" என்றேன்.

"நானா?"

"நீதான பக்கத்துல இருக்குற. எனக்கு இங்க அலமாரிதான் இருக்குது."

இந்த வழக்கம் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முடிவு தெரியாத காரியத்துக்கு இரண்டு பூ எடுத்து, இதற்கு இது, அதற்கு அது என்று அம்மனிடம் சொல்லிவிட்டுத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துச் சன்னதியில் போடுவார்கள். ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே வேப்பமரத்தடியில் போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் நிலம் வாங்கியது, எனக்குப் பெண் பார்த்தது எல்லாம் இப்படித்தான். பெரிய பரீட்சைக்குச் செவ்வரளி, சின்னதுக்கு வெள்ளை நந்தியாவட்டை என்று நான்தான் சொன்னேன்.

அன்வர் பாய் சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் பாகூரு, பரீட்ச எழுதுறது நீ, மார்க் போடுறது கம்ப்யூட்டரு. அம்மாவ எதுக்கு நடுவுல இழுக்குற?"

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாது பாய்."

"எனக்கா தெரியாது? என் கல்யாணத்துக்கு எங்க உம்மா சுத்தாத தர்கா இல்ல. சரி, செவப்பு வந்தா நான் வேற ரூம்மேட் பாக்கணும். வெள்ள வந்தா படிக்கிற சாக்கு போச்சு, நாளையிலருந்து நீதான் சோறு ஆக்கணும், சொல்லிட்டேன்."

5

ஆடி முதல் வெள்ளி. விஜயா வீடியோவில் கூப்பிட்டாள். ஊரில் வெயில் ஏறியிருந்தது. பூசாரி சன்னதி விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அங்கே சின்னப் பிள்ளை யாரும் இல்லை. "நம்ம பொண்ணே எடுக்கட்டும்" என்றாள் விஜயா. நிவேதா பள்ளிச் சீருடையில் இருந்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற முகம்.

நான் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். பாய் எழுந்து வெளியே போய்விட்டார்.

நிவேதா குனிந்து ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

"பாத்தீங்களா?" என்று விஜயா பூவை ஃபோனுக்குப் பக்கத்தில் காட்டினாள். உடனே, இன்னொரு பொட்டலத்தை மரத்தடியில் போட்டுவிட்டு வரச் சொல்லி நிவேதாவை விரட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்துகிறாள் என நினைத்தேன்.

உள்ளதைச் சொன்னால் எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அரைப் பக்கக் கேள்விகள் இல்லை, குடோன் பயம் இல்லை. அம்மனே சொல்லிவிட்டாள், இனிமேல் யார் என்ன கேட்க முடியும்? அன்றைக்கே ஆபீஸுக்கு எழுதி, சின்னப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தேன்.

நிம்மதி ஒரு வாரம் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை தயிர் வாங்கப் போனபோது அது போய்விட்டது. அந்தக் குடும்பங்களுக்கு நடுவில் நின்றேன். இவர்களில் ஒருவனாக நான் ஆவதை அம்மனே விரும்பவில்லை என்றால், நான் எங்கேதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறாள்? கேட்டால் பாவம் என்று பயந்து அந்தக் கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டேன்.

6

இனி, கூழ் ஊற்றிய அன்றைக்கு வருகிறேன்.

விஜயா கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் பெண்களோடு நின்றாள். ஒருத்தியை வேலை ஏவினாள், இன்னொருத்தியின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி "இப்பிடியா ஊத்துவ?" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பதை நான் பார்த்து எவ்வளவோ காலம். என்னிடம் பேசும்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை. ஃபோனை நிவேதாவிடம் கொடுத்து, அப்பாவுக்கு எல்லாம் காட்டு என்றாள்.

நிவேதா காட்டினாள். பிறகு ஒலிபெருக்கிக்கு எட்டாத சந்துக்குள் போய் நின்றாள்.

"அப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"அன்னிக்கு நான் எடுக்காத பொட்டலத்த மரத்தடியில போடச் சொன்னாங்கல்ல? நான் பிரிச்சிப் பாத்துட்டன்."

"அத்தப் பிரிக்கக் கூடாதும்மா."

"தெரியும். அதுலயும் வெள்ளதாம்பா."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "இன்னா வெள்ள?" என்றேன்.

"ரெண்டுலயும் நந்தியாவட்டதான். நான் எத்த எடுத்திருந்தாலும் உனக்குச் சின்னதுதான் வந்திருக்கும். அம்மாதான் மடிச்சாங்க."

"ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"நீ அழுவியோன்னுதான்." கூடவே, "நான் பிளஸ் டூ இங்கதானப்பா முடிக்கணும். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கதான் இருக்காங்க" என்றாள்.

"சரிம்மா, கூழ் குடி" என்றேன்.

பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். விஜயா வீட்டுக்குத் திரும்பியிருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ரெண்டும் வெள்ளயாமே" என்றேன்.

அவள் இல்லையென்று சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு பிரிச்சிதா?" என்றாள்.

"நான் கோவப்படல. ஏன்னு மட்டும் சொல்லு."

"நீங்க பெயிலாயி மறுபடியும் மூட்ட தூக்கப் போயிடுவீங்கன்னுதான்."

"அவ்ளோதானா?"

"இல்லங்க. எனக்கு அங்க வரப் புடிக்கல. இங்க மகளிர் குழு இருக்குது, ரெண்டு மாடு இருக்குது, கரும்பு வெட்டுக்கு நான் போய் நின்னாதான் ஆளு வருது. அங்க வந்து காலையிலருந்து சாயந்தரம் வரைக்கும் செவுத்தப் பாத்துக்கினு, உங்களுக்காக ஒக்காந்துக்கினு இருக்கணும். என்னால முடியாது."

"அப்ப முத்திரைக்கு அவ்ளோ அலஞ்சியே?"

"நீங்க அவ்ளோ ஆசையா சொல்லிக்கினு இருக்கீங்க. வரலன்னு நான் எந்த வாயால சொல்றது? அதான் அம்மன் சொன்னாப்புல ஆக்கிட்டன். தப்புதான். மாவெளக்கு போட்டு அழுதுட்டன். உங்க கிட்டதான் அழ முடியல."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இத்தனை வருடமாக நான் இங்கே காத்திருக்கிறேன், அவர்கள் அங்கே காத்திருக்கிறார்கள், நடுவில் ஒரு முத்திரையோ ஒரு சான்றிதழோதான் குறுக்கே நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். காத்திருந்தது நான் ஒருவன்தான். அவர்கள் வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அம்மன் எனக்கு உத்தரவு எதுவும் கொடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கேள்வி கேட்டபடியே நிற்கிறது. பதில் சொல்ல வேண்டியவன் நான். பரீட்சையை மாற்றிக்கொள்ள ஆபீஸில் இன்னும் அவகாசம் கொடுத்திருந்தார்கள். யாருக்காகப் பெரியதை எழுத நினைத்தேனோ அவர்கள் வரப் போவதில்லை. பிறகு எனக்கு அந்த இன்ஜினியர் பட்டம் எதற்கு, இந்த அறையில் நானும் பாயும் படித்துப் பார்க்கவா?

"விஜயா, நான் சின்னதையே எழுதிடறன்" என்றேன். "எழுதி அந்த சர்டிபிகேட்ட எடுத்துக்கினு அங்கயே வந்துடறன். திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனிங்க இருக்குது. ஸ்டாக் பாக்குற வேல எங்கனா கெடைக்காதா?"

"சம்பளம் கம்மியா இருக்குமே."

"இருக்கட்டும். வரட்டுமா, வேணாமா? நீ சொல்லு. அம்மன இழுக்காத."

இந்தத் தடவை அடுப்பில் பால் இல்லை. நான் காத்திருந்தேன். வெளியே தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள், படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வந்துடுங்க" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே, "லீவுல வந்தா நீங்க ஹால்லதான் ஃபேனுக்கு அடியில பாயப் போட்டுப்பீங்க. ரூம்ல, கட்டில்ல, எந்தப் பக்கம் படுப்பீங்கன்னு எனக்கு மறந்தே போச்சிங்க" என்றாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் நினைவு வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "செவுத்துப் பக்கம்னு நெனைக்கிறன்" என்றேன்.

"செவுத்துப் பக்கம் இப்ப பீரோ நிக்குதுங்க" என்றாள் விஜயா.